லட்டுவின் கூண்டில் ஒரு மூலை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கடைசி மேசை ஆரோக்கியமேரியுடையது. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூவை அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை.

அம்புச் சுருளில் ஒன்று கைப்பையோடு வீட்டுக்கும் வரும். ஒழுகும் குழாயில் ஓர் அம்பு. மகன் ஜோவின் கழற்றிப்போட்ட செருப்பில் ஓர் அம்பு. அவனுக்குக் கல்யாணமாகி ஃபீபி வந்த பிறகு, அவளுடைய அலமாரியில் கோணலாக மடித்த சுடிதார்களுக்கும் அம்பு கிடைத்தது. ஃபீபி வேலூரில் ஆஸ்பத்திரி லேப் வேலை முடிந்து ரயில் பிடித்து வர ஏழரை ஆகும். அதற்குள் மாமியாரே எல்லாவற்றையும் எடுத்து, பிரித்து, சரியாக மடித்து வைத்துவிடுவாள். உதவி என்றுதான் நினைத்தாள்.

ஃபீபி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரு கட்டிலும் ஒரு பெண் முயலும். முயலின் பெயர் லட்டு. குட்டியாக இருந்தவரை யார் மடியிலும் படுத்தது. ஏழு மாதமானதும் கூண்டு தன்னுடையது என்ற எண்ணம் அதற்கு வந்துவிட்டது. கம்பியில் தாடையைத் தேய்த்தது. மூலைக்கு மூலை புழுக்கை போட்டது. ஆரோக்கியமேரி தினமும் மாலையில் கையை உள்ளே விட்டு அத்தனையையும் வாரிக் கொட்டிவிட்டு, பினாயில் போட்டுத் துடைப்பாள். லட்டு காதைப் பின்னுக்கு மடக்கி உறுமும், முன்னங்காலால் குத்தும். மறுநாள் இரண்டு மடங்கு புழுக்கை கிடக்கும். கூண்டில் நான்கு அம்பு ஒட்டியாகிவிட்டது. முயல் திருந்துவதாக இல்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் ஆள்காட்டி விரலைக் கடித்தே விட்டது.

அணைக்கட்டுப் பக்கம் முயல் பண்ணை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றாள் ஆரோக்கியமேரி. பண்ணையில் முயலை எதற்கு வளர்க்கிறார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மகன் சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான். ஃபீபி காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டாள்.

"அதுக்குக் கோவம் இல்ல அத்த, பயம். தன் வாசத்த வெச்சுதான் இது நம்ம எடம்னு நெனச்சிக்கினு இருக்கு. நீங்க தெனம் தொடச்சிட்றீங்க. அது மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

"அப்போ அழுக்காவே உட்டுட்றதா?"

"அது வெளிய வந்தப்புறம் தொடைங்க. ஒரு மூலைய மட்டும் அப்படியே உட்ருங்க."

பிறகு அதே குரலில், காட்பாடியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். ரயில் அலைச்சல் மிச்சமாம். லட்டுவும் அங்கேயே இருந்துகொள்ளுமாம்.

ஆரோக்கியமேரிக்குப் புருஷன் போய் ஒன்பது வருடம். இவர்களும் போனால் வீட்டில் மிச்சம் அவளும் குழாயும்தான். ரயில் அலைச்சல் என்ற காரணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் விட்ட இடம் தெரிந்தது. அது ஃபீபியின் அலமாரி. அழுகை வந்தது, எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

மறுநாளிலிருந்து கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முயல் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. அரை மணி கழித்து அதுவாக வெளியே வந்த பிறகு துடைத்தாள். ஒரு மூலையைத் துடைக்காமல் விடுவது பல்வலி மாதிரி இருந்தது. ஃபீபியின் அறைப் பக்கமே போகவில்லை. அது அதைவிடப் பெரிய வலி. மூன்றாம் வாரம் லட்டு அவள் விரலை மோந்து பார்த்துவிட்டு, கடிக்காமல் நகர்ந்தது. காட்பாடி வீட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கேட்க அவளுக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், ஃபீபி ஓர் அட்டைப்பெட்டியோடு சமையலறைக்குள் வந்தாள்.

"அத்த, இந்த ஸ்டாண்டுல கீழ் தட்டு எனக்கு வேணும்."

இருபத்தாறு வருடமாக அந்தத் தட்டில் வேறு கை பட்டதில்லை. தன் தொண்டையில் உறுமல் மாதிரி ஏதோ கிளம்புவதை ஆரோக்கியமேரி கேட்டாள். எதற்கு என்று மட்டும் கேட்டாள்.

"என் டப்பாவுங்கள வெக்கத்தான். அந்த வீடு வேணாம்னு சொல்லிட்டேன்."

ஆரோக்கியமேரி தன் டப்பாக்களை ஒவ்வொன்றாக மேல் தட்டுக்கு மாற்றினாள். ஃபீபி தன்னுடையதை அடுக்கினாள். உயரமானது முன்னால், குட்டையானது பின்னால், மிளகாய்த்தூள் சர்க்கரைக்குப் பக்கத்தில்.

"சரியா இருக்கா அத்த?"

"இருக்கு" என்றாள் ஆரோக்கியமேரி. அவள் தெரிந்தே பாஸ் பண்ணிய முதல் குறை அது.