ரவுட்டரைக் காட்டிக்கொடுத்த துணைக்கால்

போன சனிக்கிழமை காலை நான் ஏமாறுவதற்கு ஒரே ஒரு தட்டுதான் பாக்கி இருந்தது.

செக் புக் கேட்கலாம் என்று லேப்டாப்பில் பேங்க் பக்கத்தைத் திறந்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? தள்ளிவிட்டு உள்ளே போய், பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தேன். என் ஓய்வூதியம் முழுதும் அந்தக் கணக்கில்தான்...

பின்னால் வந்து நின்றாள் மனைவி அமுதா. தமிழாசிரியை. கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

“கையை எடுங்க. என்டர் தட்டாதீங்க.”

“ஏன்?”

“மேல என்னா போட்டிருக்கான், படிங்க.”

படித்தேன். ‘உங்கள் வாங்கிக்கு நல்வரவு.’ வங்கிக்கு ஒரு துணைக்கால் முளைத்திருந்தது.

“அவசரத்துல தப்பா அடிச்சிருப்பாங்க” என்றேன்.

“இருங்க” என்று தன் போனில், மொபைல் டேட்டாவில், அதே முகவரியைத் திறந்தாள். அங்கே வங்கி வங்கியாகவே இருந்தது. லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

எங்களுக்கு நெட் கனெக்‌ஷன் கொடுத்த செல்விக்குப் போன் போட்டோம். பக்கத்து ஊரான வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பீரோ மேலிருந்த ரவுட்டரை இறக்கித் தூசி தட்டினார்.

“சார், இது எப்ப வாங்கினது?”

“பத்து வருஷம் இருக்கும்.”

“பாஸ்வேர்டு?”

“வாங்கினப்ப இருந்ததுதான்... அட்மின்.”

செல்வி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “இதுக்கு அப்டேட் வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு சார். ஓட்டை ஜாஸ்தி, காவல் கம்மி. எவனோ உள்ள பூந்து செட்டிங்கை மாத்திட்டான். நீங்க ஆசிரமத்துக்குப் போகணும்னு சொல்லி ஆட்டோல ஏறுறீங்க... வண்டி அவன் வீட்டு வாசல்ல போய் நிக்குது.”

“லேப்டாப்புல வைரஸ் இல்லியா?”

“அது பாவம் சார். வழி காட்டுற பெட்டிதான் கெட்டுப்போச்சு.”

அமுதாவின் போனிலேயே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம். பேங்குக்கும் போன் செய்தோம், பணம் எதுவும் போகவில்லை. பயம் இறங்கியதும் சிரிப்பு வந்தது பாருங்கள், மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர். அமுதா மட்டும் நடுநடுவே, “பிழையில்லாம எழுதியிருந்தா ஜெயிச்சிருப்பான்” என்று திருடனுக்காக வருத்தப்பட்டாள்.

மத்தியானமே புது ரவுட்டர் வந்துவிட்டது.

வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு போடுகிறோம். நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் இந்தக் கதவை வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறோமே, ஏன்? உங்கள் வீட்டு ரவுட்டருக்கு என்ன வயது? எழுந்து போய்ப் பாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்...

மீதி ஒன்றும் இல்லை.