பாதிக்குக் கீழே இறங்கிய ஆயில்

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு குளுக்கோஸ் பாட்டில். எதிர்வீட்டு டாக்டரம்மாவின் பழைய காரின் இடதுபக்கப் பின்சக்கரத்தடியில் அது நின்றது. அதன் வாயிலிருந்து ட்ரிப் ஏற்றும் குழாய் ஒன்று சக்கரத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. பாட்டிலுக்குள் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுத்த திரவம். பக்கத்தில் சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகி, கையில் ஸ்பேனருடன் டாக்டரம்மா படுத்திருந்தார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும்.

அன்று எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. ஊரே தெருவில் நின்றது. வாடகைக் கார் ஒன்றுகூட ஸ்டாண்டில் இல்லை. கிளினிக்குக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதால்தான் பிரேக் ஆயில் மாற்ற அந்த நாளை வைத்திருந்தார். பட்டறையில் விடமாட்டார். "அவன் பழசையே வடிகட்டி ஊத்துவான்" என்பார். வழக்கமாக உதவும் கம்பவுண்டர் லீவு. தபசுச் செய்தி எழுத எனக்குச் சாயங்காலம் வரை நேரம் இருந்தது. நான் ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர்.

"ரிப்போர்ட்டர் தம்பி, பேனாவைப் பையில வையி. காலு இருக்குல்லா, அது போதும். உள்ள ஏறு."

எனக்கு இரண்டு வேலை. அவர் "அமுக்கு" என்றால் பிரேக்கை மிதித்து, "அமுக்கிட்டேன்" என்று சொல்லி அப்படியே பிடிக்க வேண்டும். அவர் சக்கரத்துக்குப் பின்னால் குழாய் மாட்டிய திருகாணியைத் தளர்த்துவார். பழைய ஆயில் குழாய் வழியே பாட்டிலுக்கு இறங்கும். திருகாணியை இறுக்கியபின் "விடு" என்பார். இது ஒன்று. பத்து மிதிக்கு ஒருமுறை இறங்கி, பானட்டுக்குள் இருக்கும் சின்ன ஆயில் டப்பாவைப் பார்த்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். இது இரண்டாவது. "பாதிக்குக் கீழ மட்டும் போவ விட்றாத. காத்து உள்ள போயிட்டா மொத்த வேலையும் பாழு. நரம்புல மருந்து ஏத்துத மாதிரிதான்."

பின்சக்கரம் இரண்டும் முடிந்தபோது ஏழு நாற்பது. அப்போதுதான் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் எட்டு மைலில் ஊர். மனைவிக்குப் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

டாக்டரம்மா சாக்கில் எழுந்து உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு சக்கரம். பதினஞ்சு நிமிசம். அங்கன உக்காரு."

"பிரேக் இல்லாட்டிப் பரவால்லம்மா, மெதுவாப் போயிருவோம்."

"தெருப் பூரா சனமா நிக்கி. நாலு பேரு மேல ஏத்திட்டு வந்து ஒம் பொண்டாட்டியப் பாக்கவா?"

வந்தவர் உட்காரவில்லை. காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நான் மிதித்துக்கொண்டே விசாரித்தேன். மனைவிக்கு என்ன வயது? இருபத்திரண்டு. எத்தனையாவது பிரசவம்? முதல். வலி எப்போது கண்டது? நேற்று மத்தியானம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுவரவில்லை? வண்டியில் தூக்கி வைத்தார்களாம். அவள் கத்திய கத்தில் இறக்கிவிட்டார்களாம். எவ்வளவு நிலம், என்ன பயிர் என்று கூடக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். பதில் சொன்னால் கார் சீக்கிரம் கிளம்பும் என்று நினைத்தார் போலும்.

மூன்றாவது சக்கரத்தில் மிதி திடீரென்று சேற்றில் கால் வைத்தது போல இறங்கியது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். டாக்டரம்மாவின் கை நின்றிருந்தது. குழாயில் சோடா உடைத்தது போல வெள்ளைக் குமிழிகள். அவர் எழுந்து வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். டப்பாவில் அடி தெரிந்தது. கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினேன் என்று எனக்கு நினைவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. டப்பாவை நிரப்பினார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மறுபடி இடதுபக்கப் பின்சக்கரத்துக்கே போனார். "மொதல்ல இருந்து."

"என்னம்மா, திரும்பவும் பின்னாடி போறீக?" என்றார் அந்த மனிதர். என்னிடம் கேட்கத் தோன்றாமல் அவர் டாக்டரம்மாவின் பின்னாலேயே நடந்தார். அதன்பின் நான் ஒவ்வொரு மிதிக்கும் இறங்கி டப்பாவைப் பார்த்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கார் கிளம்பியபோது மணி எட்டு முப்பத்தைந்து.

மத்தியானம் டாக்டரம்மா திரும்பி வந்தார். சைக்கிள் எங்கள் தெருவிலேயே கிடந்தது. நான் வாசலில் நின்றேன். காரைவிட்டு இறங்கி, கதவை இரண்டு முறை சாத்திப் பார்த்தார். "போறதுக்குக் கால் மணி முந்தி முடிஞ்சிட்டுதாம். பிள்ளையும்தான்" என்றார். படியேறும்போது நின்று, "பிரேக் நல்லாப் பிடிக்கி" என்றார். கேலி இல்லை அதில். எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்; கேலி இல்லை. அந்தத் தாமதம் இல்லாமல் அவர் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தச் சாயங்காலம் தபசுக் காட்சியைப் பார்த்து எழுதி அனுப்பினேன். ஒரு வரிகூட வெட்டாமல் மறுநாள் பேப்பரில் வந்தது. சைக்கிளை மூன்றாம் நாள் யாரோ உறவினர் வந்து எடுத்துப் போனார். நான் வீட்டுக்குள் இருந்தேன். அதன்பிறகு எத்தனையோ சாவு வீடுகளில் நின்று அதே கேள்விகளைக் கேட்டேன். என்ன வயது, எத்தனை மணிக்கு. அது என் வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். டாக்டரம்மா இல்லை. கார் நின்ற இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அந்த மனிதர் சொன்ன பதில்கள் மட்டும் வரிசை மாறாமல் இருக்கின்றன. முக்கால் குறுக்கம் நிலத்தில் மிளகாய், மீதியில் பருத்தி.

டப்பாவைப் பார்க்க மறந்தது நான்தான் என்று அந்த மனிதரிடம் நான் சொல்லவில்லை. டாக்டரம்மா சொல்லியிருந்தாரா என்றும் தெரியாது.

அடுத்த ஆடித்தபசு அன்று காலையில் ஜன்னலைத் திறந்தபோது, அதே பின்சக்கரத்தடியில் குளுக்கோஸ் பாட்டில் நின்றது. கம்பவுண்டர் லீவு எடுக்காமல் வந்து, பிரேக்கை மிதித்தபடி காருக்குள் உட்கார்ந்திருந்தார்.