யாரும் தொடாத பட்டன்

போன வாரம் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, மூன்றே நாளில் அதை நானே கிழித்தேன்.

வில்லியனூர் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து சாஃப்ட்வேர் ஏற்றுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். இப்போது புதிதாக ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. சாஃப்ட்வேர் எல்லாம் வெளியூரில் ஒரே சர்வரில் இருக்கும். க்ளிக் செய்தால் தேவையான பகுதி மட்டும் நெட் வழியே வந்து இறங்கும். வாங்கலாமா, வேண்டாமா? சோதித்துச் சொல்வது என் வேலை.

நெட் போய்விட்டால்?

"ஒரு தடவை திறந்துட்டா மெஷின்லயே தங்கிடும் சார்" என்றார் விற்க வந்தவர். லேபிள் அடிக்கும் தேன்மொழியின் கம்ப்யூட்டரில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஓடியது. ஓகே... கையெழுத்து!

வியாழக்கிழமை, ரோடு தோண்டியவர்கள் எங்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, இருமல் மருந்து டப்பாக்களில் காலாவதித் தேதி தப்பாக அச்சாகியிருப்பதைத் தேன்மொழி கவனித்தார். வாசலில் லாரி. பழைய லேபிளை ரத்து செய்து மறுபடி அடிக்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தினார்.

"இன்னா சார், வட்டம் சுத்திக்கினே இருக்குது?"

எனக்குப் புரிந்துவிட்டது. சோதனை தொடங்கியதிலிருந்து அந்தப் பட்டனை யாரும் தொடவில்லை. தொடாத பகுதி இறங்கவே இல்லை.

மேனேஜர் வந்தார். "பேனாவால அடிச்சி, சரியான தேதிய எழுதி அனுப்பும்மா. லாரி எவ்ளோ நேரம் நிக்கும்?"

"கொழந்தைங்க குடிக்கிற மருந்து சார். நான் கையால எழுத மாட்டேன். நிக்கட்டும்."

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அவருக்கு. ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

நான்? பயனில்லை என்று தெரிந்தும் அதே பட்டனை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். பிறகுதான், "தப்பு என் மேல சார். டெஸ்ட்ட ஒழுங்கா பண்ணல" என்றேன். மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். லாரி டிரைவரிடம் பேசப் போனார்.

கேபிளை ஒட்ட மூன்று மணி நேரம். சரியான தேதியோடு சாயங்காலம் லோடு கிளம்பியது.

மறுநாள் தேன்மொழியோடு உட்கார்ந்து, அவர் எப்போதாவது மட்டும் தொடும் பட்டன்களை எல்லாம் குறித்துக்கொண்டேன். "மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார் — குத்தலாக அல்ல. புது ரிப்போர்ட் எழுதினேன்: ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு வாங்கலாம், லேபிள் பிரிவுக்கு மட்டும் முழு சாஃப்ட்வேரும் முன்கூட்டியே இறங்கியிருக்க வேண்டும்.

படித்துவிட்டு விற்க வந்தவர் போன் செய்தார். "இவ்ளோ நுணுக்கமா யாரும் டெஸ்ட் பண்ணதில்ல சார்!"

நான் எங்கே பண்ணினேன்?