மூன்றாவது எண்

ரத்தப் பரிசோதனை மெஷின் செய்யும் அந்தச் சின்ன கம்பெனியில் அவருக்குப் பெயர் நம்பர் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயரெல்லாம் சம்பளச் சீட்டோடு சரி. பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஆள். ஈயம் பற்றவைக்கிற பெஞ்சில் ஆரம்பித்து, கார்டுகளோடு மல்லுக்கட்டியே டிரைவர் எழுதக் கற்றுக்கொண்டார். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. மெஷினுக்குள் செருகியிருக்கிற மின்சுற்றுக் கார்டு எதுவென்று கண்டுபிடித்து, அதைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற புரோகிராம். ஒவ்வொரு கார்டும் தன்னைப் பற்றி மூன்று எண் சொல்லும்: செய்தவர் யார், என்ன சாமான், எத்தனையாவது திருத்தம். பெட்டி மேல் ஒட்டியிருப்பதை அண்ணன் நம்பவே மாட்டார். "ஸ்டிக்கர் புளுகும்யா, சிப்பு புளுகாது" என்பார்.

அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் மெஷின் இருக்கிற லேப்லதான் காலையில ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இருநூத்தி முப்பத்தாறாம்! டாக்டர் இன்சுலினைக் கூட்டிட்டாரு. சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கணுமாம்."

"திருட்டுத்தனமா என்னத்த மொக்கின?"

"பச்சத் தண்ணி பல்லுல படல. நீயும் உன் மெஷினும்!"

சிரித்துக்கொண்டே போனை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. அந்த லேப்பில் நேற்று சாயங்காலம்தான் சென்சார் கார்டை மாற்றினார்கள். மெஷினின் பதிவை இங்கிருந்தே திறந்து பார்த்தார். முதல் எண் பழையது. இரண்டாவதும் பழையது. மூன்றாவதில் மட்டும், ஒன்று இருந்த இடத்தில் இரண்டு.

டிரைவரைத் திறந்தார். மூன்றாவது எண்ணுக்கு நேரே, எதுவானாலும் சரி என்று எழுதியிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதியவர் இவரேதான். திருத்தம் வரும்போதெல்லாம் யார் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பது என்ற சோம்பல். கார்டோடு வந்த தாளைப் புரட்டினார். புதுத் திருத்தத்தில், அதே ரத்தத்துக்கு சென்சார் இரண்டு மடங்கு எண்ணுமாம்; டிரைவர்தான் அதைப் பாதியாக்க வேண்டுமாம். அப்படியானால் அக்காவின் சர்க்கரை வெறும் நூற்றுப் பதினெட்டு. கூட்டின இன்சுலின் உள்ளே போனால் ஆளையே சாய்த்துவிடும். கார்டு மாட்டினவர் அளவு தெரிந்த சோதனைத் திரவத்தை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சிப்பு உண்மையைத்தான் சொன்னது, கேட்காதே என்று எழுதி வைத்தவர் இவர்.

அக்காவைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் பைக்கை எடுத்தார்.

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் மருந்து ஏற்றிய ஊசி.

"போட்டுட்டியா?"

"இதோ குத்தப்போறேன். ஏன்டா, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

ஊசியைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் வெளுத்தது.

"அப்போ எனக்கு முன்னாடி ஒரு கண்ணாடிக்காரர் உக்காந்திருந்தாரே? அவருக்கு முன்னூறுன்னு வந்து பதறிப்போயிட்டாரு. அவருக்கு ஓடி வர தம்பி இருக்கானாடா?"

இவ்வளவு தூரம் வந்தும் வேறு ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லையே! அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்பில் இருக்கிற பெண்ணுக்குப் போன் போட்டார்.

"மெஷினை நிறுத்தும்மா. காலையிலேருந்து எத்தனை பேரு?"

"முப்பத்தேழு பேருண்ணே. மெஷின்ல கோளாறா?"

"கோளாறு நான் எழுதினதுல. பேரும் போன் நம்பரும் வாசி. முன்னூறு வந்த கண்ணாடிக்காரரை முதல்ல சொல்லு."

அக்கா ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்து, பேனாவை நீட்டினாள். வாங்கின அவசரத்தில் முதல் எண்ணை இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது.