வலது கன்னத்துத் தழும்பு

"வெக்கம்னா என்னன்னே எனக்குத் தெரியாது. படைச்சவன் அந்த நரம்பை மட்டும் எனக்கு வைக்க மறந்துட்டான்."

ஒரு துக்க வீட்டு வாசலில், காலுக்கு ஒரு நிறமாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றவர் சொன்னது இது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஊர் நம்பியது.

சொன்னவர் செயற்கைப் பல்செட் செய்பவர், தெருவுக்குப் பல்லுக்காரர். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னறையில், பிறர் வாயின் அச்சை மாவில் வார்த்து, மெழுகில் பல் அடுக்குவது தொழில். எதிரே இருக்கும் வாயின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். இதில் தடுமாறினால் கடைவாய்ப் பல் கட்சி மாறிவிடும். அவர் தடுமாறியதே இல்லை.

இப்பேர்ப்பட்டவரை அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பிடித்துக்கொண்டது மகளால். மணலில் கப்பல் ஓட்டும் ஒரு கேப்டனின் தொடரை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கழுதை வயசாகுது, இன்னும் பொம்மைப் படமா?" என்று திட்டியபடியே பக்கத்தில் உட்கார்ந்தார். கால் வலி என்று காரணம் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து, "எங்கடி இருக்கே? கேப்டனைப் பாலைவனத்துல விட்டுட்டு எனக்குச் சோறு இறங்கல" என்று போன் போட்டு அவளை வீட்டுக்கு வரவழைத்தார்.

தொடர் முடிந்து, அதன் தொடர்ச்சியாகத் திரைப்படம் வந்தது. மகளே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். போய் வந்தவர், "பிரமாதம். பேச நிறைய இருக்கு" என்றார்.

மகளின் ரசிகர் கூட்டம் ஞாயிறுதோறும் நூலக மாடியில் கூடும். எல்லோருமே வீட்டில் ஒளிந்து பார்ப்பவர்கள். பெற்றோரின் கேலிக்குப் பயந்தவர்கள். அவர்களிடம் மகள், "எங்கப்பா அப்படியில்ல. எதையும் மறைக்க மாட்டாரு. வந்து பேசச் சொல்றேன், பாருங்க" என்று சவாலே விட்டிருந்தாள். தலைப்பு: தொடரா, படமா?

பல்லுக்காரர் சலவைச் சட்டையில் வந்து மைக்கைப் பிடித்தார்.

"தொடர்ல கப்பலோட கிழிஞ்ச பாயைத் தைக்க ஒரு முழு எபிசோடு. ஊசியில நூல் கோக்கறதைப் பாத்துக்கிட்டே நாமளும் அந்தக் கப்பல்ல ஏறிட்டோம். படத்துல பாய் கிழியுது, கண்ணை மூடித் திறந்தா தைச்சாச்சு. மணல் கடல் பெருசாயிடுச்சு, நமக்கு உக்கார இடம் இல்ல."

கைதட்டல். மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

"ஆனா யாரும் கவனிக்காத ஒண்ணு சொல்றேன். தொடர்ல கேப்டனுக்குத் தழும்பு இடது கன்னத்துல, கத்தி வலது கையில. படத்துல தழும்பு வலது கன்னத்துல, கத்தி இடது கையில! ஏன்? தொடர்ல மூளை சொல்றதைக் கேட்டு வெட்டினான். படத்துல மனசு இருக்கற பக்கத்துக் கையால வெட்டறான். டைரக்டர் ஆளையே திருப்பிப் போட்டுட்டாரு!"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"அங்கிள், படத்துலயும் இடது கன்னம்தானே?" என்றான் ஒருவன்.

"தம்பி, இடது வலது எனக்குச் சொல்லித் தராதே. நான் பல்லு கட்டறவன்."

சிரிப்பு எழுந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. "கப்பல் பாய்ல இருந்த எழுத்தும் திரும்பி இருந்துச்சா அங்கிள்?"

"ஜப்பான் எழுத்து எனக்கு எப்படி நின்னாலும் ஒண்ணுதாம்மா."

"இல்ல, திருட்டுத்தனமா நெட்ல ஏத்தறவங்க, மாட்டிக்காம இருக்க படத்தைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் போடுவாங்க. அதான் கேட்டேன்."

தினமும் பிறர் பல்லின் இடத்தை வலமாக, வலத்தை இடமாகப் பார்த்தே வயிறு வளர்த்தவருக்குக் கண்ணாடி என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சொந்தப் பல்தான், ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

மகள் எழுந்துவிட்டாள். "ஏய், எங்கப்பாவைப் போய்! அவர் தியேட்டர்லதான் பாத்தாரு. நான்தான் டிக்கெட் எடுத்தேன்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "கண்ணாடி போடாம போயிட்டீங்களாப்பா?" என்றாள்.

தப்பிக்க வழி திறந்தே இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அந்தக் கண்களைப் பார்த்துத் தலையாட்ட அவரால் முடியவில்லை.

"உள்ளேயே போகலம்மா."

"டிக்கெட் இருந்துச்சேப்பா?"

"இருந்துச்சு. பக்கத்துப் படத்துக்கான வரிசையில நம்ம டாக்டர் குடும்பத்தோட நின்னாரு. நான் பொம்மைப் படத்துக்கு நிக்கறதைப் பாத்துடுவாரோன்னு திரும்பிட்டேன். மொட்டை மாடியில ஒளிஞ்சு செல்போன்ல பாத்தேன்."

"பாத்தா என்னப்பா?"

காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். முன்வரிசைக்கு மட்டுமே கேட்டது.

"வெக்கமா இருந்துச்சு."