ஓரத்தொட்டி

மீன் கொட்டகையில் அவளைக் ‘கத்தியக்கா’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக மீன் வெட்டுகிறாள், வாயும் அப்படியேதான். பெற்றவர்கள் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த தம்பிக்குப் போன மாதம்தான் கல்யாணம் செய்து வைத்தாள். கொட்டகை ஐஸ் அறையில் வேலை செய்யும் அவன்தான் அவளுக்கு எல்லாம்.

இந்த வருஷம் கழிமுகத்தில் பேத்தை மீன் பெருத்துவிட்டது. அலையாத்தி வேர்களுக்கிடையே மேய்ந்து கிடக்கும், வலையைக் கடித்துக் குதறும், தூக்கினால் வயிறு உப்பி முறைக்கும். ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் விஷம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. தோலையும் தலையையும் எடுத்துவிட்டால் வெள்ளைவெளேரென்று சதை, யாரையும் ஏமாற்றிவிடும். அவள் அதை உடைந்த வாளியில் போட்டுப் புதைத்துவிடுவது வழக்கம். அன்று வாளி நிரம்பி வழிந்ததால், மிச்சம் ஐந்தை வீட்டுக் குழம்புக்கான மீன் வைக்கும் ஓரத்தொட்டியில் தட்டினாள். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள், வேலை மும்முரத்தில் மறந்தே போனாள்.

பத்து மணிக்குத் தம்பி பெண்டாட்டி வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கடலையே பார்த்த பெண்.

“குழம்புக்கு எதை எடுத்துக்கட்டும் அக்கா?”

“எப்பவும் போலதான். ஓரத்தொட்டியில பாரு,” என்றாள் கத்தியக்கா, தலை நிமிராமல்.

மதியம் மீன் வெட்டும் கல்லைக் கழுவும்போதுதான் தொட்டி கண்ணில் பட்டது. ஐந்தில் மூன்றுதான் கிடந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஐஸ் அறைக்கு ஓடினாள்.

வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த தம்பி வாசலில் நின்றிருந்தான்.

“மரத்துப்போச்சுக்கா,” என்றான்.

ஐஸ் அறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற சொல். அவள் அதையே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கைதானே?”

“இன்னும் ஐஸையே தொடலியே. உதடு. நாக்கும்தான்.”

அவள் போட்ட கூச்சலில் கொட்டகை வண்டிக்காரர் சாவியோடு ஓடி வந்தார்.

“அவ சாப்பிட்டாளா?” என்று தம்பியை உலுக்கினாள்.

“இப்பதான்… உட்காருவா. நல்லா இருந்துச்சு. ரெண்டு துண்டு அவளுக்கு வெச்சேன்,” என்று குழறினான்.

என் வாயாலதானே சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். தம்பியை வண்டியில் ஏற்றி, “ஆஸ்பத்திரிக்கு விடுங்க, பேத்தை மீனுன்னு சொல்லுங்க!” என்று கத்திவிட்டு, வீட்டுப் பக்கம் ஓடினாள். காதில் வைத்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.