நான் பிடித்த கை

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த அம்மா, ‘தொடாதே, கிட்டப் போகாதே’ என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாள். இரண்டாயிரத்து மூன்று வாக்கில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த பளியர் பழங்குடிக் குடியிருப்புக்கு மாலை வகுப்பு எடுக்கப் போனேன்.

அங்கே ஒரு பெரியவர். மலையில் அவர் அறியாத கிழங்கும் இல்லை, தேனும் இல்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு அதையெல்லாம் அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூடவே காட்டுக்குள் போனேன். அவருடைய பேத்தியும் வந்தாள். ஆறு வயதிருக்கும், என் வகுப்பில்தான் படித்தாள்.

மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. “இது என்ன செடி தாத்தா?” என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும் டீச்சரம்மா” என்று சிரித்தார். எனக்கு எரிச்சல் மண்டியது. இந்த அழகில் இவர் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்! அவர் பாட்டுக்கு நடந்தார், அவள் பாட்டுக்கு நடந்தாள்.

ஒரு சரிவில் வள்ளிக்கிழங்குக் கொடியைக் கண்டதும் அவர் தோண்ட உட்கார்ந்தார். அவள் தள்ளிப் போய் வேறொரு கொடியைப் பிடித்து, குச்சியால் மண்ணைக் கிளறினாள். கிழங்கு தெரிந்தது. அதை அறுப்பதற்காக, தாத்தா இடுப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த கத்தியை எடுத்தாள். அவள் முழங்கையைவிட நீளமான கத்தி.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்! நான் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைப் பிடுங்கினேன்.

“கைய அறுத்துக்கிட்டா என்ன செய்வ? என்ன தாத்தா, பாத்துக்கிட்டே இருக்கீக! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அவர் எழுந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. கத்தியை அவர் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டை இறுக்கியிருந்த என் கையையே பார்த்தார். பிள்ளையை நான் அறைந்துவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“கையப் பிடிச்சுட்டீகளே, டீச்சரம்மா. நான் ஒருநாளும் பிடிச்சதில்ல. எங்க அய்யா என்னையப் பிடிச்சதில்ல.”

“பின்ன எப்பிடித்தான் சொல்லிக்கொடுப்பீக?”

“நாங்க தோண்டுவோம். அது பாக்கும். வேணும்னா அதுவும் தோண்டும்.”

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு வந்தது கோபமா, பயமா, எனக்கே பிடிபடவில்லை. இன்றைக்கும் சின்னப் பிள்ளை கையில் அத்தனை பெரிய கத்தியைக் கண்டால் நான் பிடுங்கத்தான் செய்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கொடியின் தலைப்பகுதி அடுத்த மழைக்கு முளைக்கட்டும் என்று, அது அறுந்துவிடாதபடி அவள் சுற்றியிருந்த மண்ணை மட்டும் விலக்கியிருந்தாள். இதையும் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெரியவர் என்னிடமிருந்து கத்தியை வாங்கிக் குழி ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. காத்திருந்தார்.

காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல், யாரிடமும் எதையும் கேட்காமல் காட்டுக்குள் சுற்றிய பிள்ளை, கத்தியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“எடுக்கவா டீச்சர்?”

பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.